டி.ஏ. பட்டனை அணைத்துவிடலாமா?

கே: பழைய ஜெர்மன் கார் ஒன்று வாங்கினேன். சி.டி.யில் இளையராஜாவைப் போட்டுக்கொண்டு ஆட்டோபானில் போனால், பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் நேரம் பார்த்து ஒரு ஜெர்மன் குரல் குறுக்கே வருகிறது. பேசி முடித்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. யார் அவர்? என் சி.டி.க்குள் எப்படி வந்தார்?
— ஒரு வாசகர், டார்ட்மண்ட்

ப: அவர் சி.டி.க்குள் வரவில்லை. சி.டி. பாடும்போதும் உங்கள் ரேடியோ விழித்திருக்கிறது, அவ்வளவுதான். பின்னால் ஒரு பண்பலை நிலையத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரும் சைகைகளைப் படித்துக்கொண்டே இருக்கிறது. 'போக்குவரத்து அறிவிப்பு தொடங்குகிறது' என்ற சைகை வந்ததும் சி.டி.யை நிறுத்தி அறிவிப்பாளரை உள்ளே விடுகிறது. 'முடிந்தது' என்றதும் ராஜாவுக்கு வழிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டின் பூர்வீகம் நீங்கள் இருக்கும் நாடுதான். 1974-இல் மேற்கு ஜெர்மனியில் புளாபுங்ட் நிறுவனமும் பொது ஒலிபரப்பு நிலையங்களும் சேர்ந்து ஏ.ஆர்.ஐ. என்ற முறையைக் கொண்டுவந்தன. நிலையத்தின் ஒலியோடு 57 கிலோஹெர்ட்ஸில் ஒரு துணை அலையும் போகும். மனிதக் காது 20-க்கு மேல் கேட்காது என்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அறிவிப்பு தொடங்கும்போது அந்தத் துணை அலையின் மேல் 125 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்றை ஏற்றுவார்கள். அதைக் கண்டதும் ரேடியோ கேசட்டை நிறுத்தும்.

1984-இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஆர்.டி.எஸ். என்ற புதிய முறையின் விவரக்குறிப்பை வெளியிட்டது. அதற்கும் அதே 57 கிலோஹெர்ட்ஸைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பழைய சைகையும் புதிய சைகையும் ஒன்றையொன்று கெடுக்காதபடி இரண்டுக்கும் நடுவே கால் சுற்று இடைவெளி வைத்தார்கள். அதனால்தான் ஜெர்மனியில் ஏ.ஆர்.ஐ. 2005 வரை உயிரோடு இருந்தது. புதியது வந்துவிட்டது என்பதற்காகப் பழைய ரேடியோ வைத்திருந்தவரை நடுரோட்டில் விடாத அந்தப் பொறியாளர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கே: ரேடியோத் திரையில் சில சமயம் டி.பி. என்று வருகிறது, சில சமயம் டி.ஏ. என்று வருகிறது. இரண்டும் ஒன்றுதானே?
— ஒரு வாசகி, லெஸ்டர்

ப: டி.பி. வாக்குறுதி, டி.ஏ. அதை நிறைவேற்றும் நேரம்.

இரண்டும் ஆர்.டி.எஸ். சைகையில் ஒவ்வொரு பிட். அதாவது பூஜ்யம் அல்லது ஒன்று. டி.பி. ஒன்று என்றால், 'இந்த நிலையத்தில் போக்குவரத்து அறிவிப்பு உண்டு' என்று பொருள். அது நாள் முழுக்க ஒன்றாகவே நிற்கும். கூடவே டி.ஏ.யும் ஒன்றானால், 'இதோ, இப்போது பேசுகிறார்கள்'. இரண்டும் பூஜ்யமானால் அந்த நிலையத்தில் நெரிசல் பற்றி எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான்காவது சேர்க்கைதான் எனக்கு மிகவும் பிடித்தது. டி.பி. பூஜ்யம், டி.ஏ. ஒன்று. கேட்டால் முரணாக இருக்கும்: அறிவிப்பே இல்லாத நிலையம் எப்படி அறிவிப்பு தரும்? 'என்னிடம் இல்லை, ஆனால் இருப்பவரை எனக்குத் தெரியும்' என்று அதற்குப் பொருள். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பி.பி.சி.யின் தேசிய அலைவரிசை ஒன்றில் இசை கேட்டுக்கொண்டு போகிறீர்கள். நாடு முழுவதற்குமான அந்த அலைவரிசை லெஸ்டர் சாலை ஒன்றில் கவிழ்ந்த லாரியைப் பற்றிச் சொன்னால் ஸ்காட்லாந்துக்காரருக்கு என்ன பயன்? அதனால் அது சொல்லாது. ஆனால் பி.பி.சி. ரேடியோ லெஸ்டர் அறிவிப்பைத் தொடங்கும் அதே நொடியில், தேசிய அலைவரிசையின் ஆர்.டி.எஸ்.ஸில் ஒரு குறிப்பு வந்துவிடும். உங்கள் ரேடியோ தானாக உள்ளூர் நிலையத்துக்குத் தாவி, கேட்க வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடும். இந்த வசதிக்கு ஈ.ஓ.என். என்று பெயர். ரேடியோ லெஸ்டர் 1967-இல் தொடங்கிய பி.பி.சி.யின் முதல் உள்ளூர் நிலையம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்ப் பெருமை.

கே: நிலையத்தார் டி.ஏ. போட்டுவிட்டு, எடுக்க மறந்துவிட்டால்?
— ஒரு வாசகர், பாரிஸ்

ப: வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள். ஒரு நிலையத்தில் அறிவிப்பு முடிந்தது, விளம்பரம் வந்தது, அதன் பிறகு ஒரு நடனப் பாட்டும் வந்தது, டி.ஏ. மட்டும் இறங்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்த கச்சேரி உள்ளே மாட்டிக்கொண்டது. தனி ஆவர்த்தனம் நடந்திருக்கும்.

ஒருவருடைய காருக்குள் புகுந்து பாட்டை நிறுத்தும் அதிகாரம் வேறு எந்த ஊடகத்துக்கும் இருந்ததில்லை. கேட்பவர் பட்டனை அழுத்தி மனமறிந்து கொடுத்த அனுமதி அது. நெரிசலுக்கென்று வாங்கிய அனுமதியை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது திருட்டு. இரண்டு முறை இப்படி ஏமாந்தவர் பட்டனை நிரந்தரமாக அணைத்துவிடுவார். மூன்றாவது முறை உண்மையான ஆபத்து வரும்போது அவர் காதில் விழாது.

உங்கள் கையில் இருக்கும் மருந்து: டி.ஏ. மாட்டிக்கொண்டால், அந்த நேரத்தில் டி.ஏ. பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். பெரும்பாலான ரேடியோக்களில் அந்த ஒரு அறிவிப்பு மட்டும் ரத்தாகும். அடுத்தது வழக்கம்போல வரும்.

கே: பி.டி.ஒய். பட்டனை அழுத்தி 'ஜாஸ்' என்று தேர்ந்தெடுத்தேன். ரேடியோ பண்பலை முழுக்கச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. பெல்ஜியத்தில் ஜாஸே இல்லையா?
— ஒரு வாசகர், ஆண்ட்வெர்ப்

ப: சாக்ஸபோனைக் கண்டுபிடித்தவர் பிறந்த நாட்டில் நின்றுகொண்டு கேட்கும் கேள்வியா இது? ஜாஸ் இருக்கிறது. ஜாஸ் என்று சொல்லத்தான் ஆளில்லை.

பி.டி.ஒய். என்பது நிகழ்ச்சியின் வகையைச் சொல்லும் எண். அதற்கு ஐந்து பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். எனவே 0 முதல் 31 வரை 32 எண்கள். 1 செய்தி, 4 விளையாட்டு, 6 நாடகம், 10 பாப், 14 தீவிரச் செவ்வியல் இசை, 18 சிறுவர், 24 ஜாஸ், 28 நாட்டுப்புற இசை. வினாடிக்கு 1187.5 பிட் வேகத்தில் போகும் ஆர்.டி.எஸ்.ஸில், 104 பிட் கொண்ட ஒவ்வொரு தொகுப்பிலும் இந்த எண் இருக்கும். அதாவது வினாடிக்குப் பதினோரு தடவை உங்கள் ரேடியோவுக்குச் சொல்லப்படுகிறது. தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை மனிதரிடம். நிகழ்ச்சி மாறும்போதெல்லாம் எண்ணையும் மாற்ற வேண்டும். ஆறு மணிக்குச் செய்தியென்றால் 1, ஆறேகாலுக்கு நாடகமென்றால் 6. இதை ஒழுங்காகச் செய்ய நிலையத்தில் அக்கறையுள்ள ஒருவரோ, நிகழ்ச்சி அட்டவணையோடு இணைத்த கணினியோ வேண்டும். பல நிலையங்கள் 10 என்று ஒருமுறை எழுதிப் போட்டதோடு சரி. இரவு பதினொன்றுக்கு அருமையான ஜாஸ் போட்டாலும் சைகை 'பாப்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

வணிக நிலையங்களுக்கு இதில் ஆர்வம் இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டென்று நினைக்கிறேன். 'எனக்குச் செய்தி வேண்டும்' என்று நீங்கள் ரேடியோவிடம் சொல்லிவைத்தால், அது அவர்களை விட்டுவிட்டு வேறு நிலையத்துக்கு ஓடும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே பக்கத்துக் கடைக்கு வழி சொல்வாரா? வழி சொன்னால் அந்தத் தெரு முழுக்கக் கூட்டம் கூடும் என்பது என் கட்சி. வகை தேடும் பட்டன் மட்டும் நேர்மையாக நடத்தப்பட்டிருந்தால், பாப் தவிர மற்றதையெல்லாம் தேடி அலையும் உங்களைப் போன்றவர்களுக்கு வானொலி பொற்காலம் காட்டியிருக்கும்.

கே: டொரோண்டோவில் வாங்கிய ரேடியோவை லண்டனுக்குக் கொண்டுவந்தேன். பாப் பாட்டு ஓடும்போது 'கன்ட்ரி' என்கிறது. பழுதா?
— ஒரு வாசகர், ஹாரோ

ப: ரேடியோ நலம். கண்டம்தான் மாறிவிட்டது. வட அமெரிக்கா 1993-இல் ஆர்.பி.டி.எஸ். என்ற தன் பதிப்பை எடுத்தபோது வகைப் பட்டியலை மாற்றிக்கொண்டது. ஐரோப்பாவில் 10 பாப், அங்கே கன்ட்ரி. இங்கே 3 தகவல், அங்கே விளையாட்டு. இங்கே 17-ஐப் போட்டு யாராவது பங்குச் சந்தை நிலவரம் சொன்னால், உங்கள் பெட்டி அதை மென்மையான ஆர் அண்ட் பி பாட்டு என்று காட்டும். பங்கு வைத்திருந்தால் நிம்மதியாகத் தலையாட்டலாம்.

இரு கரையும் ஒத்துப்போன இடங்கள் சில உண்டு. 1 இரண்டு பக்கமும் செய்தி. 31 இரண்டு பக்கமும் ஆபத்து.

கே: அந்த 31 என்னதான் செய்யும்?
— ஒரு வாசகி, ஆஸ்லோ

ப: பேரிடர் எச்சரிக்கை. நீங்கள் எந்த வகையையும் தேர்ந்தெடுக்காமல் இருந்தாலும், அந்த வசதியுள்ள ஆர்.டி.எஸ். ரேடியோ அதைக் கண்டதும் சி.டி.யை நிறுத்தி, குறைத்து வைத்த ஒலியையும் கூட்டி எச்சரிக்கையைக் கேட்க வைக்கும். 30 அதன் ஒத்திகை. அதற்கு வீட்டு ரேடியோக்கள் அசையக் கூடாது.

கே: நெரிசல்தான் கூகுள் மேப்பில் சிவப்பாகத் தெரிகிறதே. இன்னும் எதற்கு இந்த டி.ஏ.? அணைத்துவிடலாமா?
— லாரி ஓட்டும் வாசகர், ஹாம்பர்க்

ப: நெரிசலுக்கு மட்டும் என்றால் உங்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் ஜெர்மன் நிலையங்கள் நடு நிகழ்ச்சியை நிறுத்திச் சொல்லும் ஓர் அறிவிப்பு உண்டு: இன்ன ஆட்டோபானில், இன்ன இரண்டு வெளிவழிகளுக்கு நடுவே, எதிர்த்திசையில் ஒரு வண்டி வந்துகொண்டிருக்கிறது; வலது ஓரமாகவே போங்கள், யாரையும் முந்தாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரே வருபவர் 120, உங்களுக்கு முன்னால் போகும் கார் 120. இருவரும் நெருங்கும் வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் இடைவெளி 15 நொடியில் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் கைப்பேசித் திரையைப் பார்க்க யாருக்கு அவகாசம்? காதில் விழ வேண்டும், அதுவும் கேட்காமலேயே விழ வேண்டும். அணைக்காதீர்கள். சத்தம்தான் தொல்லையென்றால், டி.ஏ. ஒலியளவைத் தனியாக வைக்கும் வசதி நிறைய ரேடியோக்களில் இருக்கிறது. அறிவிப்பு ஓடும்போது ஒலியைத் திருகினால் சிலவற்றில் அதையே நினைவில் வைத்துக்கொள்ளும்.

கே: எனக்கு ஜெர்மன் அறிவிப்பு புரியாது. ஆனால் காரிலிருக்கும் வழிகாட்டிக் கருவி அதே விபத்தை ஆங்கிலத்தில் சொல்கிறது. மொழிபெயர்ப்பது யார்?
— ஒரு வாசகர், மியூனிக்

ப: யாருமில்லை. அது டி.எம்.சி. என்ற தனிச் சேவை, அதுவும் ஆர்.டி.எஸ்.ஸிலேயே சத்தமில்லாமல் வருகிறது. அனுப்பப்படுவது சொற்களல்ல, எண்கள். 16 பிட்டில் இடம், 11 பிட்டில் என்ன நடந்தது, இன்னும் சில பிட்களில் திசையும் நீளமும் எவ்வளவு நேரம் என்பதும். சேர்த்தால் 37 பிட். எண்ணுக்கு உரிய வாக்கியம் உங்கள் கருவிக்குள்ளேயே இருக்கிறது. தமிழ் வாக்கியங்களை யாராவது உள்ளே வைத்தால் அதே எண் தமிழிலும் பேசும். ஒலிபரப்பில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. 2007-இல் ஆண்ட்ரியா பாரிசானி, டேனியலே பியாங்கோ என்ற இரண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் சிறிய கருவி ஒன்றை வைத்துக்கொண்டு போலி டி.எம்.சி. செய்திகளைக் காரின் வழிகாட்டிக்கு அனுப்பிக் காட்டினார்கள். டி.எம்.சி.யின் நிகழ்வுப் பட்டியலில் விமான விபத்து, குண்டு மிரட்டல், காளைச் சண்டை எல்லாம் இருந்தன. அனுப்பியவர் யார் என்று கருவி கேட்கவே இல்லை. இந்த ஓட்டையை அவர்கள் மேடையேறிச் சொன்னது நல்ல காரியம். திரையில் காளை வந்தால் ஜன்னலுக்கு வெளியேயும் ஒருமுறை பாருங்கள்.

கே: பண்பலையையே மூடுகிறார்களாமே. டி.பி., டி.ஏ. எல்லாம் அத்தோடு போச்சா?
— ஒரு வாசகி, சூரிச்

ப: நார்வே 2017-இல் தேசிய நிலையங்களை டி.ஏ.பி. என்ற டிஜிட்டல் வானொலி முறைக்கு மாற்றிவிட்டது. உங்கள் நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனமும் 2024 டிசம்பர் 31-இல் பண்பலையை நிறுத்திவிட்டது. சைகை போகவில்லை, பெருகியிருக்கிறது. டி.ஏ.பி. முறையில் அறிவிப்புக்கு 11 வகை. சாலை நெரிசல் ஒன்று, ரயில் போன்ற பொதுப் போக்குவரத்து தனி, வானிலை தனி, அவசர எச்சரிக்கை தனி. எது குறுக்கிடலாம், எது கூடாது என்று நீங்களே தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. அடுத்த கார் வாங்கும்போது விற்பவரிடம் இருக்கையின் தோலைப் பற்றிக் கேட்கும் முன், ரேடியோ அமைப்பில் அறிவிப்புப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போக்குவரத்தும் எச்சரிக்கையும் இரண்டுமே அதில் இருக்க வேண்டும்.