ரயிலும் இருக்கட்டும், நடைபாதையும் இருக்கட்டும்

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய கணினி விளையாட்டுகளைப் பதிவிறக்க ஒரு மென்பொருள் தந்து, சோதித்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். கட்டாயமில்லையாம். கட்டாயமில்லாததை எதற்குச் சோதிப்பது?
- வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: கொடிமலை அடிவாரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? 1923-லிருந்து மலைக்கு ரயில் ஓடுகிறது. தாவரவியல் பூங்கா பக்கமாக நடந்தே ஏறுகிறவர்களும் இன்றுவரை இருக்கிறார்கள். ரயில் நின்றுபோன நாளில் மேலே போய்ச் சேர்வது அவர்கள்தாம்!

விளையாட்டுகளைப் பூட்டுப் போடாமல் விற்பது போலந்தின் ஜிஓஜி கடையின் கொள்கை. 2015 மே மாதம் 'கேலக்ஸி' என்ற தன் பதிவிறக்க மென்பொருளை, அதாவது ரயிலை, பொதுச் சோதனைக்கு விட்டபோதும், உலாவியிலேயே நேராக இறக்கிக்கொள்ளும் நடைபாதையை அது அடைக்கவில்லை. வாங்கியவருக்குச் செய்யும் மரியாதை அது. அந்தக் கடையை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

ஆனாலும் 40 ஜிபி கோப்பு 98 விழுக்காட்டில் அறுந்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதைப் பார்த்தவருக்கு ரயிலின் அருமை தெரியும். நல்ல பதிவிறக்கி கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கும். எதுவரை வந்தது என்று குறித்துக்கொள்ளும். கடைசியில் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடும்.

அதனால் தயங்காமல் சோதியுங்கள். பாதியில் இணையக் கம்பியைப் பிடுங்குங்கள். வன்தட்டை நிரப்பி வையுங்கள். கோப்புறைக்குத் தமிழில் பெயரிடுங்கள், பல மென்பொருள்கள் தடுக்கி விழும் இடம் அது. விழுந்தால் பதிப்பு எண்ணோடு எழுதி அனுப்புங்கள். பிறகு அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, விளையாட்டு தனியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள்.