கூரையில்லாக் கொள்ளையர்

வார்ஹேமர் 40,000 என்னும் மேசைப்போர் பொம்மை ஆட்டத்தில் ட்ருகாரிப் படையை எடுப்பவருக்குப் பகடையைவிடப் பொறுமை முக்கியம். கதைப்படி இவர்கள் கொமோராக் நகரத்துக் கொடூரர்கள். பிறர் வலியைத் தின்றே உயிர் வாழ்பவர்கள். மேசைமேலோ, எதிராளி தும்மினாலே சரிகிறவர்கள். ஏறிவரும் 'ரெய்டர்' வண்டிக்குக் கூரைகூடக் கிடையாது. ஆகவே முதல் சுற்று முழுக்க இடிந்த சுவருக்குப் பின்னால் பதுங்கல்தான். அண்டத்தை நடுங்கவைக்கும் கொள்ளையர், வாடகை பாக்கிக்காரர் மாதிரி ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த சுற்றில் சீறிப் பாய்வார்கள், தொட்டவன் காலி. அதற்கடுத்த சுற்றில் இவர்கள் காலி.

1998இல் அறிமுகமான இப்படையின் பொம்மைகள் பெரும்பாலும் புது வடிவம் பெற 2010 ஆயிற்று. பெயர் மட்டும் அதிவேகப் படை!