ஜெமினியில் க்யூ, ஏரிக்கரையில் விசில்

(அமெரிக்கக் கோடை முகாம்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ‘கேம்ப் கவுன்சலர்’ வேலைக்கு ஜே-1 விசாவில் போவது பற்றி வந்த கேள்விகள், இந்த வாரம்.)

கே: ரெண்டு மாசம் கேம்ப் கவுன்சலராக இருந்தால் அடுத்த வருஷ காலேஜ் ஃபீஸைத் தேற்றிவிடலாம் என்கிறான் மகன். நிஜமா? – ஒரு தந்தை, தி.நகர்

ப: தங்க இடமும் சாப்பாடும் கேம்ப் பொறுப்பு. கையில் கொஞ்சம் தருவார்கள். அதில் விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர், சேவிஸ் என்ற அமெரிக்க அரசுப் பதிவுக்கு 35 டாலர், ஏஜென்சி கட்டணம், பிளேன் டிக்கெட் எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவது பனகல் பார்க் பக்கம் ஒரு பட்டுப்புடவைக்குள் அடங்கிவிடும். நீங்கள் கட்டிவரும் சீட்டை நிறுத்திவிடாதீர்கள்.

கே: மே மாதம் எனக்கு லீவு. போய்விட்டு வந்துவிடலாமா? – கல்லூரி மாணவி, அடையாறு

ப: மே மாதம் போனால் ஏரியில் தவளை மட்டும்தான் இருக்கும். கத்திரி முடிந்து இங்கே பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில்தான் அங்கே லீவு ஆரம்பம். கேம்ப் சீசன் நம் கணக்கில் ஆனி, ஆடி. அதற்குள் உங்கள் காலேஜில் செமஸ்டர் தொடங்கி, அட்டெண்டென்ஸ் கணக்கும் ஓட ஆரம்பித்திருக்கும். 18 வயசு ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் தோது என்று பார்த்தால், டிகிரி முடித்து அடுத்தது என்ன என்று நிற்கிற வருஷம்தான்.

கே: பாட்டு, விளையாட்டு, ராத்திரி நெருப்பைச் சுற்றி அரட்டை. இதற்குச் சம்பளமா? – பொறாமையில் ஒருவர், மந்தைவெளி

ப: அரட்டை ஒரு மணி நேரம். மீதி 23 மணி நேரத்தைச் சொல்கிறேன். ஒரு மரக் கேபின், அதில் பத்து வயசுப் பையன்கள் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அங்கேதான் படுக்க வேண்டும். முதல் சில ராத்திரிகள் யாராவது ஒருவன் அம்மா வேண்டும் என்று அழுவான். இன்னொருவன் படுக்கையை நனைத்திருப்பான். மற்ற ஏழு பேருக்கும் தெரியாமல் விரிப்பை மாற்றிவிட்டு, காலையில் ஒன்றுமே நடக்காத முகத்தோடு குட்மார்னிங் சொல்லத் தெரிய வேண்டும்.

ஏரியில் இறங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் வில்லையைப் பலகையில் மாட்டும். நீச்சல் ஜோடி ஜோடியாகத்தான். சில நிமிஷத்துக்கு ஒருமுறை விசில் ஊதினால் ஜோடிகள் கை கோத்துத் தூக்க வேண்டும், நீங்கள் எண்ண வேண்டும். எல்லோரும் கரையேறிய பிறகு பலகையில் ஒரு வில்லை மிச்சம் தொங்கினால், அடுத்த நொடி பெரியவர்கள் அத்தனை பேரும் தண்ணீருக்குள். அப்புறம், எந்தப் பிள்ளையோடும் தனியறையில் நீங்கள் மட்டும் இருக்கக் கூடாது. நம்மூர் சம்மர் கேம்ப்காரர்கள் இந்த ஒரு விதியை அப்படியே காப்பியடிக்கலாம். யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

கே: போன இடத்தில் பாத்திரம் தேய்க்க விட்டுவிட்டால்? – ஒரு பாட்டி, லஸ்

ப: சமையல், பாத்திரம் கழுவுதல், கூட்டிப் பெருக்குதல் போன்ற வேலைகளுக்கு இந்த விசாவில் ஆள் எடுக்கக் கூடாது. ஆனால் பேரன் தன் தட்டைத் தானே எடுத்து வைப்பது அந்தக் கணக்கில் வராது, மாமி!

கே: முட்டைகூடத் தொடமாட்டேன். பிழைப்பேனா? – மயிலாப்பூர்

ப: சாலட், பீன்ஸ், ரொட்டி என்று ஒப்பேற்றலாம். ஆபத்து நெருப்பைச் சுற்றித்தான். குச்சியில் வாட்டி, சாக்லேட்டோடு பிஸ்கட்டுக்கு நடுவில் வைத்துத் தருவார்களே, அந்த மார்ஷ்மெல்லோவில் சாதாரணமாக இருப்பது ஜெலட்டின். மாட்டின், பன்றியின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. பிஸ்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு நகரவும்.

கே: இதெல்லாம் அமெரிக்கக் கூத்து. நமக்கும் கேம்ப்புக்கும் என்ன சம்பந்தம்? – நந்தனம்

ப: நந்தனத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்களே! புத்தகக் காட்சியில் நாம் தூசி குடித்த மைதானம் இருக்கிறதே, அந்த உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கியவர் ஹாரி குரோ பக், ஒய்.எம்.சி.ஏ.வுக்காக வந்த அமெரிக்கர். அதே ஒய்.எம்.சி.ஏ. குடும்பத்தில் 1885-ல் பிறந்ததுதான் நியூயார்க் மாநிலத்தில் இன்றும் நடக்கிற கேம்ப் டட்லி.

இன்னும் கிட்டே வேண்டுமா? அடையாறு தியாசபிகல் சொசைட்டியில் வளர்ந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, ஹாலந்தில் ஓமென் என்ற ஊரில் கோடை முகாம் கூட்டினார். 1929 ஆகஸ்ட் 3 அன்று சுமார் 3,000 பேர் முன்னால், தனக்காகவே மற்றவர்கள் உண்டாக்கிய சங்கத்தைக் கலைத்துவிட்டார். கவுன்சலர்கள் இந்த முன்மாதிரியைப் பின்பற்ற வேண்டாம். பெற்றோர் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வரையாவது.

கே: விசா கேரண்டி என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா? – பாண்டி பஜார்

ப: அந்த கேரண்டியை ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்து கான்சலேட்டே தருவதில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் தருகிற டிஎஸ்-2019 படிவம் இல்லாமல் அந்த க்யூவில் நிற்பதே வீண். ஸ்பான்சர்கள் பட்டியலை அந்தத் துறையே இணையத்தில் வைத்திருக்கிறது. பெயர் அதில் இல்லையென்றால் மாடிப்படி இறங்கிவிடுங்கள். இன்டர்வியூவில், நீங்கள் அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்றுதான் சட்டம் முதலில் நினைக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு. கபாலி மேல் சத்தியம் எடுபடாது, மேற்படிப்பு அட்மிஷன் எடுபடும்.

கே: இன்ஸ்டாகிராமைப் பூட்டி வைத்திருக்கிறேன். பரவாயில்லையா? – பெசன்ட் நகர்

ப: 2025 ஜூன் முதல் ஜே விசா கேட்பவர்கள் சமூக வலைத்தளக் கணக்குகளைத் திறந்துவைக்கச் சொல்கிறார்கள். அப்பாவுக்குக் காட்டாததை அதிகாரிக்குக் காட்ட வேண்டிய காலம்.

கே: பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா? – ஒரு தாய், ஆழ்வார்பேட்டை

ப: பையனைப் பற்றி இதே கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எட்டுப் பிள்ளைகளோடு ராத்திரி முழிக்கிற வேலைக்கு அவனை அனுப்பத்தான் நான் யோசிப்பேன்.

கே: கேம்ப் முடிந்ததும் ஊர் சுற்றலாமா? – அடையாறு

ப: 30 நாள் வரை தாராளமாக. வேலை மட்டும் செய்யக் கூடாது. நியூ ஜெர்சி சித்தப்பா வீட்டில் தங்கினால், “கேம்ப்பில் பழகின பெண்தானே, குழந்தைகளைக் கொஞ்சம் பார்த்துக்கோ, நாங்கள் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறோம்” என்பார்கள். காசு கேட்காதீர்கள். சட்டப்படி வாங்க முடியாது, சித்தப்பாவும் கொடுக்க மாட்டார்.