கார்டு இல்லாத கொள்ளை

வேலூரைப் பற்றி ஒரு கேலிப் பட்டியல் ரொம்ப நாளாக உலவுகிறது. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ், சாமி இல்லாத கோயில். ஆறு பாலாறு. போலீஸ், கோட்டைக்குள் பயிற்சி எடுத்தவர்கள். கடைசி அயிட்டம் மட்டும் 1981-லேயே காலாவதியாகிவிட்டது; அந்த வருஷம் மார்ச்சில் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். காலியான அந்த இடத்துக்கு நான் ஒன்றைச் சிபாரிசு செய்கிறேன்: கார்டு இல்லாத கார்டுத் திருட்டு.

நானாகக் கட்டிவிட்ட பெயர் இல்லை. ‘கார்டு நாட் பிரசன்ட்’ என்று பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி வங்கிக்காரர்களே சொல்கிறார்கள். கார்டு பர்ஸில் இருக்கும், பர்ஸ் பேன்ட் பாக்கெட்டில் இருக்கும், பணம் மட்டும் கடல் தாண்டிப் போயிருக்கும்.

பர்ஸ் என்றால் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல் ஊர்கள். யார் கையிலாவது ஒரு பர்ஸைக் கொடுங்கள். முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு மடக்கி, விரலால் தேய்த்து, “ஆட்டுத் தோல், நல்லா பதமா இருக்கு” என்றோ, “ரெக்ஸின்பா, உன்னை ஏமாத்திட்டான்” என்றோ தீர்ப்புச் சொல்வார். பர்ஸில் ஏமாறாத இந்த ஜனங்கள்தான் பர்ஸுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அட்டையில் ஏமாறுகிறார்கள்.

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் நண்பர் மெர்ச்சண்டைசராக இருக்கிறார். மிலன் நகரத்து மைக்காம் காலணிக் கண்காட்சிக்கெல்லாம் போய் வந்தவர். ஒரு ராத்திரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது: உங்கள் கிரெடிட் கார்டில் இத்தனை யூரோ செலவாகியிருக்கிறது. வாங்கிய இடம் ஐரோப்பாவில் ஒரு செருப்புக் கடை. ஓடிபி வரவில்லை, ஒரு போன்கூட வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். இவர் மெசேஜைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, “ஒரு ஜோடிக்கு இந்த விலையா? இதுக்கு நாம நாலு ஜோடி அனுப்புவோமே!” என்றாராம். எங்கள் ஊரில் தைத்துக் கப்பலேறிய ஷூவையே எங்கள் ஊர்க்காரர் பணத்தில் எவனோ வாங்கிப் போட்டுக்கொண்டு நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஓடிபி ஏன் வரவில்லை? இந்தியாவில் இன்டர்நெட் மூலம் கார்டில் பணம் கட்டினால் இரண்டாவது சோதனை ஒன்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலேயே கட்டாயமாக்கியது. வெளிநாட்டுக் கடைக்காரனை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. பதினாறு இலக்க எண், காலாவதித் தேதி, முதுகில் இருக்கும் மூன்று இலக்கம், இவ்வளவு தெரிந்தால் அவன் பல நேரம் பில் போட்டுவிடுவான். இதற்கு ரிசர்வ் வங்கி ஒரு மருந்து வைத்திருக்கிறது. 2020 அக்டோபர் முதல் புதுக் கார்டு கைக்கு வரும்போது உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். ஆன்லைன், வெளிநாடு, தட்டினால் பணம் போகும் வசதி எல்லாம் நாம் விரும்பினால் ஆப்பில் போட்டுக்கொள்ளலாம், அணைத்தும் வைக்கலாம். நண்பர் மிலனுக்குப் போனபோது வெளிநாட்டு வசதியைப் போட்டார். திரும்பி வந்ததும் வீட்டில் எரிந்த டியூப் லைட்டையெல்லாம் அணைத்தவர், இதை அணைக்கவில்லை.

வேலூர் மாமாவின் கதை வேறு. சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் பாபு ராவ் தெருவில் லாட்ஜ் மேனேஜர். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று வருகிற நோயாளிகளோடு பேசிப் பேசி, மாமா வேலூர்த் தமிழைவிட இந்தியை வேகமாகப் பேசுவார். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் போனில் இந்திக் குரல் கேட்டால் கட் செய்துவிடுவார்கள், அதுவே பாதிப் பாதுகாப்பு. வேலூரில் இந்திக் குரல் என்றால் கஸ்டமர். அன்றைக்கும் ஒரு குரல் வந்தது.

“சார், ஆப்கா கார்டு பிளாக் ஹோ ஜாயேகா.”

“கௌன்ஸா பிளாக்? ஓபிடி பிளாக்?” என்றார் மாமா.

“நஹி சார், ஓடிபி போலியே!”

“ஓடியா? ஆப்பரேஷன் கப் ஹை?”

“ஆப்பரேஷன் நஹி சார், நம்பர், நம்பர்!”

“ஆஸ்பத்திரி நம்பரா? அது உன் கார்டுலதான் இருக்கும், என்னை இன்னாத்துக்குக் கேக்கறே?” என்ற மாமா மறுபடியும் இந்திக்குத் தாவி, டபுள் பெட் நான் ஏசிக்கு வாடகை சொல்லி, அட்வான்ஸை இப்போதே ஜிபே பண்ணச் சொன்னார். எதிர்முனை போனை வைத்துவிட்டது. கார்டுத் திருடனிடமே அட்வான்ஸ் கேட்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். “ரூம் வேணாம்னா வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே, டைம் வேஸ்ட்” என்று மாமாவுக்கு இன்றும் வருத்தம்.

எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. ரிவார்டு பாயின்ட் இன்று ராத்திரி பன்னிரண்டு மணியோடு போய்விடும், லிமிட்டை ஏற்றித் தருகிறோம், கேஒய்சி முடியவில்லை என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு எங்கே சுற்றினாலும் ஓடிபியில் வந்து நிற்கும். பெரும்பாலும் பணம் கொடுப்பதற்குத்தான் ஓடிபி வேண்டும். பாயின்ட் வாங்கவோ, பரிசு வாங்கவோ, பணம் திரும்பப் பெறவோ அடுத்தவருக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. எவ்வளவு ரூபாய்க்கு என்று பெரும்பாலும் அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கும். நாம்தான் எண்ணை மட்டும் படித்துவிட்டு எழுத்தை விட்டுவிடுகிறோம். வங்கிகள் கணக்கு விஷயமாக வாடிக்கையாளரை அழைத்தால் 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் அழைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. சாதாரண பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து ‘பேங்க் மேனேஜர்’ பேசினால், மாமா மாதிரி அட்வான்ஸ் கேளுங்கள்.

ரகசிய எண்ணைப் போனில்தான் கோட்டைவிட வேண்டும் என்றில்லை; இனி பிரியாணிக்கு வருவோம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் சனிக்கிழமை ராத்திரி ஆம்பூர் பிரியாணிக் கடை எதிலாவது நுழைந்து பாருங்கள். சீரக சம்பா மணக்கும், பக்கத்தில் கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி. பாதி இலையில் இருக்கும் குடும்பத் தலைவர், இடது கையால் கார்டை எடுத்து சர்வரிடம் நீட்டுவார். மெஷின் கல்லாவில் இருக்கும். அங்கிருந்து சர்வர், “சார், பின் நம்பர்!” என்று கூவுவார். வலது கை முழுக்க மசாலா, எழுந்து போனால் சோறு ஆறிவிடும். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நான்கு இலக்கத்தையும் உரக்கச் சொல்வார். சர்வர் காதில் சரியாக விழாமல் இரண்டாம் தடவை கேட்பார். இந்தத் தடவை மனைவியும் சேர்ந்து சொல்வார். மூன்றாவது மேஜைக் குழந்தைக்கே மனப்பாடமாகிவிடும்.

அலிபாபா கதையை யோசித்துப் பாருங்கள். 1956-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் வண்ணத்தில் எடுத்ததால் நம் ஊரில் அது எம்.ஜி.ஆர். கதை. நாற்பது திருடர்கள், மலைக் குகை, உள்ளே குவியல் குவியலாகத் தங்கம், கதவுக்குக் கள்ளச் சாவியே கிடையாது. அவ்வளவு பந்தோபஸ்தும் ஏன் பாழானது? தலைவன் பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொன்னான், மறைந்திருந்த விறகுவெட்டி கேட்டுவிட்டான். பாஸ்வேர்டைக் கோட்டைவிட்டவர்கள் அந்தத் திருடர்கள்தான். ரிசர்வ் வங்கியும் இந்தக் கதையை விடவில்லை. ‘ராஜுவும் நாற்பது திருடர்களும்’ என்ற பெயரிலேயே நாற்பது வகை மோசடிகளைப் படங்களோடு விளக்கி ஒரு புத்தகம் போட்டிருக்கிறது. அலிபாபா காலத்துத் திருடர்களுக்கு ஒரே ஊர்தான். ராஜுவின் திருடர்களுக்கு ஆம்பூரும் சேர்த்தி.

சரி, பணம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது வேண்டியது வேகம். அதற்கு எங்கள் கோட்டையிலேயே உதாரணம் இருக்கிறது. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் கலகம் செய்து வேலூர்க் கோட்டையைப் பிடித்தார்கள். சேதி உடனே ஆற்காட்டுக்கு ஓடியது, பிரிட்டிஷ் தளபதி கில்லஸ்பி குதிரைப் படையோடு அன்று காலையிலேயே வந்துவிட்டான். நான் சிப்பாய்கள் கட்சிதான். ஆனாலும், கோட்டை போன அன்றே புகார் கொடுத்ததால்தான் கம்பெனிக்காரனுக்குக் கோட்டை திரும்பக் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் போட்ட விதியும் இதையேதான் சொல்கிறது. தப்பு உங்கள் மேலும் இல்லாமல், வங்கி மேலும் இல்லாமல், இடையில் எவனோ திருடியிருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால், ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேல் லிமிட் என்றால் 25,000 ரூபாய் உங்கள் தலையில் விழும். ஏழும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் வழக்கை முடிக்க வேண்டும். தப்பு வாடிக்கையாளர் மேல்தான் என்றால் அதை நிரூபிப்பது வங்கியின் பொறுப்பு. ஷூ நண்பர் அன்று ராத்திரியே கை கழுவிவிட்டுக் கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார், கார்டை முடக்கினார், எழுத்திலும் புகார் அனுப்பினார். பணம் வந்துவிட்டது. ஷூ வரவில்லை.

ஆனால் ஓடிபியை நீங்களே வாயால் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். வங்கிக்குத் தகவல் சொல்கிற நிமிஷம் வரை போனதெல்லாம் உங்கள் நஷ்டம். அதற்குப் பிறகு போவதுதான் வங்கியின் நஷ்டம். வெட்கப்பட்டு, வீட்டில் திட்டுவார்களே என்று மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பில் உங்கள் பெயரில் ஏறும்.

ஆகவே, இதைப் படித்த கையோடு இரண்டு வேலை செய்யுங்கள். வெளிநாட்டுப் பயணம் இல்லாதவர்கள் ஆப்பைத் திறந்து வெளிநாட்டுச் சுவிட்சை அணையுங்கள். கார்டின் பின்னால் இருக்கும் வங்கி எண்ணையும், இணையக் குற்றப் புகாருக்கான 1930-ஐயும் போனில் பதிந்து வையுங்கள். பணம் போன பிறகு கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள். அங்கேயும் ஒருவன் காத்திருப்பான்.