பேசிக்கிட்டே காம்பைக் கிள்ளு, ராசா

வாடா ராசா, வா. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் பலகாரத்தைக்கூடத் தொடாம செல்போனை நீட்டுறியே, என்னடா அது? ஓ, மாடித்தோட்டமா! பிள்ளை பெத்தவ தொட்டிலைக் காட்டுற மாதிரியில்ல காட்டுற. இரு, கண்ணாடியைப் போட்டுக்கிடுறேன். நீ சும்மா நிக்காம அந்தச் சொளகை இழுத்துப்போட்டு உக்காரு. அதலைக்காய் ரெண்டு படி கெடக்கு. ஒரு காயை எடு. இந்தப் பக்கம் காம்பு, அந்தப் பக்கம் முனை. ரெண்டையும் நகத்தால கிள்ளிட்டுச் சட்டியில போடு. அம்புட்டுத்தான் வேலை. பேசிக்கிட்டே கிள்ளு.

இது என்னடா, மூட்டை மூட்டையா? க்ரோ பேக்கா? எத்தனை? 25-ஆ! மண்ணுக்குக் காசு, தென்னைநார்த் தூளுக்குக் காசு, எருவுக்குக் காசு, விதைக்குக் காசு. எல்லாம் சேந்து 8,000 ரூவா. சரி, தக்காளி எத்தனை காய்ச்சுச்சு? ஏழா? அப்ப ஒரு பழம் ஆயிரத்து நூறு ரூவாய்க்கு மேல வருதே. அதைப் போயி ரசம் வச்சுக் குடிச்சிட்டீங்களா? அடகு வச்சிருந்தா ஒரு செலவுக்கு ஆயிருக்குமே!

பூவெல்லாம் கொட்டிப்போச்சுன்னு மூஞ்சியைத் தொங்கப்போடாத. எப்ப நட்ட? பங்குனியிலயா? சரித்தான். சித்திரை வெயில்ல மெட்ராசு மொட்டைமாடியில நீ ஒரு நாழி நிப்பியா? தக்காளி மட்டும் நிக்கணுமாக்கும். வெக்கை 35 டிகிரியைத் தாண்டிப்போச்சுன்னா அது பூவை உதுத்துப்புடும். மொதல்ல உசுரு, அப்புறந்தானே பிள்ளைகுட்டி? உன்னைவிட வெவரமான செடி அது. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாக. நீ ஆடித் தள்ளுபடியைத்தான தேடுற. ஆடியில வெதைச்சா ஐப்பசி மழைக்குள்ள வேரு புடிச்சு நிக்கும்.

அவரையும் போட்டியா? அதையும் பங்குனியிலதானா? கொடி பந்தல் மேல பந்தலா ஏறுது, ஒரு பூவைக் காணோமா? நாட்டு அவரைக்குப் பகப்பொழுது சுருங்கணும்டா. மார்கழிக் குளிர்ல, பொழுது வெள்ளனச் சாயுற நாள்லதான் அது பூக்கும். தையில கொத்துக் கொத்தாக் காய்க்கும். அதுவரைக்கும் நீ பஞ்சகவ்யம் ஊத்துனாலும் சரி, பாயசம் ஊத்துனாலும் சரி, அது பாட்டுக்கு இலையைத்தான் விட்டுக்கிட்டு இருக்கும்.

நான் மட்டும் என்ன, பெரிய மேதாவியா? பக்கத்து வீட்டுக்காரன் பேச்சைக் கேட்டு ஒரு மாசியில கெணத்தடியில காலிபிளவர் போட்டேன். ஆனைக்காது கணக்கா இலை விட்டுச்சு. தெனமும் காலையில போயி இலையை விலக்கி விலக்கிப் பாப்பேன். கடைசி வரைக்கும் பூவே வைக்கல. அம்புட்டையும் வெட்டி ஆட்டுக்குப் போட்டேன். என் விவசாயத்தை மெச்சிக்கிட்டது அந்த ஆடு ஒண்ணுதான்.

ஏ, கையி ஏன் நிக்குது? கிள்ளு.

இந்தத் தட்டுல பச்சையா என்னமோ நிக்குதே, அது என்ன? மைக்ரோ கிரீன்ஸா? வெந்தயமும் பாசிப்பயறும் மொளைக்க வச்சு, ரெண்டு இலை விட்டதும் கத்திரிச்சுத் திங்கிறதா? அட கிறுக்குப் பயலே, அது நம்ம முளைப்பாரிடா! அம்மன் கோயில் பொங்கலுக்கு நவதானியத்தை ஓட்டுல போட்டு, இருட்டறையில வச்சுத் தண்ணி தெளிச்சு வளத்து, கும்மியடிச்சுக் கொண்டுபோயிக் கொளத்துல கரைக்கிறோம். நீ வாயில கரைக்கிற. ஒண்ணு தெரிஞ்சுக்கோ, அது சாமிக்கு மட்டும் போடுறதில்ல. யாரு வீட்டு வெதை நல்லா மொளைக்குது, யாரு வீட்டு வெதை சொத்தைன்னு ஊரே வரிசையில நின்னு பாக்குற பரீச்சை. வெதைப்புக்கு முன்னாடி நீயும் பத்து வெதையை ஈரத்துணியில முடிஞ்சு வச்சுப் பாரு. எட்டு மொளைச்சா வெதை. மூணு மொளைச்சா, அதை வித்தவன் பொழைச்சான்.

அப்புறம், உம்பொண்டாட்டி சொன்னா, போன மாசம் 500 ரூவா கட்டிக் 'கீரை நடை' போனியாமே? காட்டுல நடந்துபோயிக் கீரையைக் கண்டுபுடிக்கிறதா? எங்க காலத்துல அதுக்கு ஆடு மேய்க்கிறதுன்னு பேரு. யாரும் காசு வாங்கல. சரி, என்னென்ன பாத்த? மூக்கிரட்டை, குப்பைமேனி, துத்தி... பண்ணைக்கீரை பாக்கலையா? அப்ப 500 ரூவாயில 400-ஐத் திருப்பிக் கேளு.

மழை பேஞ்ச கரிசக்காட்டுல, உளுந்துக்கும் பருத்திக்கும் நடுவுல அது தன்னால வரும். களையெடுக்கப் போனா, வேண்டாத களை வரப்புக்கு, பண்ணைக்கீரை மடிக்கு. சாயங்காலம் அலசிப்போட்டு, பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், ரெண்டு வரமிளகாய், சீரகம் சேத்து மண்சட்டியில வேகவச்சு மத்தால கடைஞ்சா, கம்பஞ்சோத்துக்கு வேற வெஞ்சனம் எதுக்கு? கூலியும் வாங்கிக்கிட்டுக் கொழம்பையும் கொண்டாந்த காலம் அது. இப்ப களைக்கொல்லியை அடிச்சுப்புடுறான். களையும் இல்ல, களையெடுக்குறவளும் இல்ல, கீரையும் இல்ல. அதனால ஒண்ணு சொல்லுறேன், வெளையாட்டில்ல. மருந்தடிச்ச காட்டுப் பக்கமும் சாக்கடை ஓரத்துலயும் எவ்வளவு தளதளன்னு நின்னாலும் கைய வைக்காத. பேரு தெரியாததைப் பறிக்காத. ஆடு திங்குதே, நாமளும் திங்கலாம்னு நெனைக்காத. ஆடு வேப்பங்கொழையைக்கூட ருசிச்சுத் திங்கும். இடி இடிச்ச மறுநாள் காளான் மொளைக்கும், பாக்க லெச்சணமா இருக்கும். கூட வெவரம் தெரிஞ்ச ஆளு இல்லேன்னா, கும்பிடு போட்டுட்டு வந்துரு.

பெரண்டைத் தொவையல் கதையும் காதுக்கு வந்துச்சு. வேலியில இருந்து வெறுங்கையால ஒடிச்சுக் கையெல்லாம் அரிப்பாம். தொவையலைத் தின்னு புருசனும் பொண்டாட்டியும் ரெண்டு நாள் பேசாம இருந்தீகளாம். வீடு நிம்மதியா இருந்திருக்குமே! கையில நல்லெண்ணெயைத் தடவிக்கிட்டு, நுனியில நாலு கணு எளசா ஒடிக்கணும்டா. நாரை உரிச்சு, நல்லெண்ணெயில நெறம் மாறி சுருங்குற வரைக்கும் வதக்கணும். புளி தாராளமா வைக்கணும். அந்தப் புளிதான் அரிப்பை அடக்கும். நீ பாத்த வீடியோவுல புளியைச் சொல்லலையா? அந்த ஆளும் ரெண்டு நாளாப் பேசியிருக்க மாட்டான்.

முருங்கைப்பொடி டப்பா ஒண்ணும் உன் பையில பாத்தேன். இங்க நம்ம வீட்டுக் கொல்லையில மரத்தை வச்சுக்கிட்டு டப்பாவுல வாங்குறவனை என்ன சொல்ல? மெட்ராசுல மரம் வைக்க எடம் இல்லையா? போத்து நட்டு மரமாக்க எடம் வேணுந்தான். ஆனா பெரியகுளம் காலேசுல 1989-லயே பி.கே.எம்.1-ன்னு ஒரு செடிமுருங்கை விட்டாகளே, ரேடியோவுல 'வீடும் வயலும்' கேட்டவளுக்கு அதெல்லாம் தெரியும். வெதை போட்ட ஆறாம் மாசம் காய்க்கும். காய் ஓஞ்சதும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டா மறுபடி தழைக்கும். பெரிய தொட்டி ஒண்ணு வச்சுக் கீரைக்காகவாவது நடு. மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி வரும், பாத்துக்கோ. அது இயற்கை விவசாயத்துல சேந்ததுதான், வீடியோ எடுத்துப் போடு.

'சித்திரையில எதுவும் வராதுன்னா அப்ப எதைத் திங்கிறது அப்பத்தா'ன்னுதான கேக்க வர்ற? அதுக்குத்தான்டா வத்தல். சீனி அவரைக்காய், கத்தரிக்காய், மோர்ல ஊறப்போட்ட மிதுக்கங்காய், சுண்டைக்காய், மிளகாய். காய்ச்சுத் தள்ளுற நாள்ல காயப்போடு, காயுற நாள்ல வறுத்துத் தின்னு. மொட்டைமாடி செடிக்கு ஆகாத மாசத்துல வத்தலுக்கு ஆகும்.

இப்ப கையில இருக்குற காயைப் பாரு. பாகக்காய் சாதிதான், ஆனா எம்புட்டுக்காணு இருக்கு பாரு. இதை எவனும் நடல, தண்ணி பாய்ச்சல. மண்ணுக்குள்ள கெழங்கா உறங்கும். மழை விழுந்ததும் கொடி ஓடும், காய்க்கும், மார்கழி தாண்டினா காணாமப் போயிரும். பறிச்ச அன்னைக்கே சட்டியில ஏறணும். நாளைக்குப் பாப்போம்னா வெடிச்சு வெதையைத் துப்பிரும். அதான் உங்க மெட்ராசுக் கடையில இது கெடையாது. தண்ணி ஊத்தாம, நல்லெண்ணெயில சின்ன வெங்காயத்தோட சிறுதீயில வதக்கி, மிளகாய்ப்பொடி போட்டு, எறக்குறப்ப வறுத்த கடலையை இடிச்சுத் தூவி ஒரு சுண்டு கருப்பட்டி. கசக்கும். கசக்கட்டும், வயித்துக்குக் கசப்பும் வேணும்ல?

கெழங்கு ரெண்டு தோண்டித் தாரேன், கொண்டுபோயி உன் பையில பொதைச்சு வையி. ஆனா கொடி காஞ்ச பெறகு மழைக்காலம் வரைக்கும் தண்ணி ஊத்தக் கூடாது, கிண்டக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. செத்துப்போச்சுன்னு தூக்கி எறியவும் கூடாது. ஆறு மாசம் வெறும் பையைப் பாத்துக்கிட்டு இருக்கணும். 8,000 ரூவா செலவழிக்கிறது லேசுடா ராசா. சும்மா இருக்குறதுதான் உனக்குக் கஷ்டம்.

என்ன, சட்டி நெறைஞ்சிருச்சா? ரெண்டு படியும் முடிச்சிட்டியா! உங்க அத்தை காலையில இருந்து இதைக் கண்டு ஓடி ஒளியுறா. சரி, போயிப் பலகாரம் தின்னு, வெள்ளனப் படு. நாளைக்கு நம்ம உளுந்தங்காட்டுக்கே உன்னைக் கீரை நடை கூட்டிட்டுப் போறேன். 500 ரூவா எல்லாம் வேணாம்.

வரும்போது அந்தக் களைக்கொத்தை மட்டும் மறக்காம எடுத்துக்கோ.