மீனைத் தவிர எல்லாம் விற்ற ஊர்

விட்பி ஒரு மீன்பிடித் துறைமுகம். வழிகாட்டிப் புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன. இங்கிலாந்தின் வடகிழக்கில், யார்க்‌ஷயர் கடற்கரையில், எஸ்க் நதி கடலில் விழும் வாயில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. படகுகள் உண்டு, நண்டுக் கூண்டுகள் மலைபோல் அடுக்கிக் கிடக்கின்றன, ஹெர்ரிங் மீனைப் புகை போடும் வாசனை சந்துக்குள் வருகிறது. எல்லாம் சரி. ஆனால் இந்த ஊரின் ஆயிரத்து முன்னூறு வருஷ வரவு செலவுக் கணக்கைப் புரட்டினால் மீன் எங்கோ ஓரத்தில்தான் துள்ளுகிறது. பெரிய எழுத்தில் இருப்பவை வேறு: கல்லான பாம்பு, பீப்பாய் பீப்பாயாக மூத்திரம், திமிங்கிலக் கொழுப்பு, இழவு வீட்டு நகை, கடைசியாக ஒரு ரத்தக்காட்டேரி. செத்ததையும் நாறியதையும் காசாக்குவதில் இவ்வளவு சாமர்த்தியமான ஊரை நான் பார்த்ததில்லை.

ஆரம்பம் என்னவோ பக்தியில்தான். நார்தம்பிரியா ராஜா ஓஸ்வி 655இல் ஒரு பெரிய சண்டைக்குப் போகும்போது, ஜெயித்தால் மகளைக் கடவுளுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். ஜெயித்தும்விட்டார். மகளுக்கு அப்போது ஒரு வயசு. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பால் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். குழந்தை ஹில்டா என்ற அம்மாளின் பொறுப்பில் விடப்பட்டது. 657இல் அந்த அம்மாள் விட்பியின் கிழக்குக் குன்றின்மேல் ஒரு மடம் கட்டினார். ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் ஒரே மடத்தில். எல்லோருக்கும் மேலே ஹில்டா. அவரிடம் படித்த ஐந்து பேர் பிஷப் ஆனார்கள். ராஜாக்கள் வந்து யோசனை கேட்டுப் போனார்கள்.

664இல் அந்த மடத்தில் ஒரு மாநாடு நடந்தது. விஷயம் பஞ்சாங்கம். ராஜா ஓஸ்வி அயர்லாந்துச் சாமியார்களின் முறைப்படி ஈஸ்டர் கொண்டாடுபவர். ராணி ஈன்ஃப்ளேட் கென்ட் நாட்டு ரத்தம்; ரோமாபுரிக் கணக்குக்காரர். வாக்கியமா திருக்கணிதமா என்று நம் வீடுகளில் தீபாவளிக்கு நடக்கிற அதே தகராறுதான், அரண்மனையில். ராஜா நோன்பை முடித்து இறைச்சியைக் கடித்துக்கொண்டிருக்கும் நாளில் ராணி இன்னும் பட்டினி கிடந்து குருத்தோலை ஞாயிறு கும்பிட்டுக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் எத்தனை வருஷம் தாங்கும்?

இது போதாதென்று தலை சிரைப்பதிலும் சண்டை. உச்சந்தலையைச் சிரைத்துச் சுற்றிலும் வளையமாக முடி விடுவதா, காதுக்குக் காது முன்பக்கத்தைச் சிரைத்துப் பின்பக்கம் தொங்கவிடுவதா என்று மகான்கள் மோதிக்கொண்டார்கள். அயர்லாந்துப் பக்கம் கோல்மன் பேசினார். ரோமாபுரிப் பக்கம் வில்ஃப்ரிட் என்ற வாய்ச்சாலகர். சந்திர மாசம், யோவான், கொலும்பா, பேதுரு என்று சாஸ்திரம் பறந்தது. கடைசியில் ராஜா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சொர்க்கத்தின் சாவி பேதுருவிடம்தானே இருக்கிறது? இரண்டு தரப்பும் ஆமாம் என்றது. அப்படியானால் நான் வாசல்காரரைப் பகைத்துக்கொள்ள மாட்டேன், நாளைக்கு நான் போய் நிற்கும்போது கதவைத் திறக்க ஆள் வேண்டுமே என்று சொல்லிவிட்டு ரோமாபுரிக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார். இங்கிலாந்துத் திருச்சபையின் போக்கை முடிவு செய்த மாநாடு என்று வரலாற்றுப் பேராசிரியர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். வாட்ச்மேனைக் கையில் போட்டுக்கொள் என்பதற்கு மேல் அதில் தத்துவம் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை. கோல்மன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்.

ஹில்டாவுக்கு ஐந்து பிஷப்புகள் வாங்கித் தந்ததைவிட அதிகப் புகழைப் பாம்புகள் வாங்கித் தந்தன. குன்று முழுக்கப் பாம்பாக இருந்ததாம். அம்மாள் ஜபம் பண்ணி அத்தனையையும் சுருட்டிக் கல்லாக்கி, கடலோரம் தள்ளிவிட்டாராம். ஆதாரம் வேண்டுமா? கடற்கரையில் சுருள் சுருளாகக் கல் கிடக்கிறதே! உண்மையில் அவை அம்மோனைட்டுகள். பதினெட்டுக் கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் பிராணிகளின் ஓடு. நம் அரியலூர்ப் பக்கத்து மண்ணிலும் அம்மோனைட் உண்டு. பூஜையறைச் சாளக்கிராமமும் இதே வம்சம். நாம் சக்கரத்தைப் பார்த்த இடத்தில் அவர்கள் பாம்பைப் பார்த்தார்கள். ஒரு சங்கடம்தான்: பாம்பு என்றால் தலை வேண்டுமே, கல்லில் தலை இல்லையே? விட்பி வியாபாரிகள் இதற்கெல்லாம் அசருகிறவர்கள் இல்லை. உளியை எடுத்துத் தலையைச் செதுக்கி, கண்ணும் வாயும் வைத்து விற்றார்கள். ஊரின் சின்னத்திலேயே தலையுள்ள மூன்று பாம்புக் கற்கள் ஏறிவிட்டன. விஞ்ஞானிகளும் தங்கள் பங்குக்கு ஒரு அம்மோனைட் பேரினத்துக்கு ஹில்டோசெராஸ் என்று அம்மாளின் பெயரையே சூட்டினார்கள்.

மடத்தில் மாடு மேய்த்த கேட்மனையும் சொல்லிவிட வேண்டும். விருந்தில் ஒவ்வொருவராக யாழை வாங்கிப் பாட வேண்டும் என்பது வழக்கம். யாழ் பக்கத்தில் வருவதைப் பார்த்ததும் கேட்மன் எழுந்து தொழுவத்துக்கு நழுவிவிடுவார். அப்படி நழுவிய ஒரு ராத்திரி கனவில் யாரோ வந்து பாடு என்று மிரட்ட, பாடிவிட்டார். ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த முதல் கவிஞர் அவர்தான். பாடியதில் நமக்குக் கிடைத்திருப்பது ஒன்பதே வரி. கவிஞர்கள் பின்பற்றத்தக்க அளவு.

மடத்தின் பிற்காலக் கதை, வந்தவன் போனவன் எல்லாம் அடித்த கதை. 867 வாக்கில் டேனியர்கள் நாசம் செய்தார்கள். நார்மன்கள் காலத்தில் திரும்பக் கட்டினார்கள். 1539இல் எட்டாம் ஹென்றி மூடினார். 1830இல் நடுக்கோபுரம் யாரும் தொடாமலே விழுந்தது. 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் வந்து, பக்கத்தில் இருந்த கடற்காவல் நிலையத்தைச் சுட்டபோது மடத்தின்மேலும் குண்டு விழுந்தது. இன்று 199 படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு போனால் கூரையில்லாத சுவர்கள் நிற்கின்றன. இடிபாட்டைப் பார்க்கக் கட்டணம்.

எட்டாம் ஹென்றி போப்பாண்டவரோடு சண்டை போட்டதில் இன்னொரு விளைவும் உண்டு. கம்பளிக்குச் சாயம் ஒட்டப் படிகாரம் வேண்டும். நல்ல படிகாரச் சுரங்கம் போப்பின் கையில். முறைத்துக்கொண்ட கடைக்காரரிடம் போய் எப்படிக் கேட்பது? 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்பியைச் சுற்றியுள்ள குன்றுகளின் பாறையிலேயே படிகாரம் எடுக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். பாறையை வெட்டிக் குவித்து மாசக்கணக்கில் எரிக்க வேண்டும், ஊற வைக்க வேண்டும், காய்ச்ச வேண்டும். பதம் தெரிய அந்தக் கஷாயத்தில் ஒரு கோழிமுட்டையைப் போடுவார்கள். முட்டை மிதந்தால் பதம். அப்புறம் முக்கியமான சரக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கடற்பாசிச் சாம்பல் அல்லது மனித மூத்திரம்.

உள்ளூர் உற்பத்தி பற்றவில்லை. எனவே லண்டனிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். பீப்பாய்களில். தலைநகரின் பிரபுக்களும் கூலிகளும் பேதமில்லாமல் அளித்த நன்கொடை, நூற்றுக்கணக்கான மைல் கடல்பயணம் செய்து யார்க்‌ஷயர் வந்து, சீமான்களின் கம்பளிக் கோட்டில் சாயமாக ஒட்டிக்கொண்டு லண்டனுக்கே திரும்பிப் போயிற்று. 1871 வரை நடந்த தொழில் இது. அந்தக் கப்பலின் மாலுமி, துறைமுகத்தில் ‘என்ன சரக்கு?’ என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னான் என்பதை எந்த வரலாற்றாசிரியரும் பதிவு செய்யவில்லை. பெரிய நஷ்டம்.

இந்த ஊருக்கு 1746இல் பக்கத்துக் கிராமத்து மளிகைக்கடைப் பையன் ஒருவன் வந்தான். துணியும் சர்க்கரையும் மடித்துக் கொடுப்பது அவனுக்கு ஒத்துவரவில்லை. ஜான் வாக்கர் என்ற கப்பல் முதலாளியிடம் தொழில் பழகச் சேர்ந்தான். கிரேப் லேன் வீட்டின் மச்சில் படுத்துக்கொண்டான். ஜேம்ஸ் குக் என்று பெயர். பிற்பாடு அவர் கேப்டனாகி உலகம் சுற்றக் கிளம்பியபோது கடற்படை கொடுத்த எண்டெவர், 1764இல் விட்பியில் கட்டிய நிலக்கரிக் கப்பல். தட்டை அடி, தொந்தி வயிறு, ஆமை வேகம். கரையில் அப்படியே ஏற்றி நிறுத்தலாம் என்பதுதான் அதன் அழகு. கரி மூட்டை இருந்த இடத்தில் விஞ்ஞானிகளை அடுக்கிக்கொண்டு 1768இல் கிளம்பினார். லட்சக்கணக்கான ஜனங்கள் ஏற்கெனவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த தேசங்களைக் ‘கண்டுபிடித்தார்’. 1779இல் ஹவாய்க்காரர்களோடு தகராறாகிக் கொல்லப்பட்டார். மேற்குக் குன்றில் சிலையாக நிற்கிறார். அவர் தலைமேல் எப்போதும் ஒரு கடற்காகம் நின்று தொலைவைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது.

சிலைக்குப் பக்கத்தில் திமிங்கிலத் தாடை எலும்பில் ஒரு தோரணவாயில். 1753 முதல் 1837 வரை விட்பிக் கப்பல்கள் ஆர்க்டிக் போய்த் திமிங்கிலம் பிடித்தன. வில்லியம் ஸ்கோர்ஸ்பி என்ற கேப்டன் ஒருவரே 533 திமிங்கிலங்களை முடித்தார். குளிரில் பாய்மரத்தின் உச்சியில் நின்று பார்ப்பவனுக்காகப் பீப்பாயைக் கட்டி வைக்கும் யோசனையும் அவருடையதுதான். கொழுப்பை ஊருக்குள் கொண்டுவந்து காய்ச்சினார்கள். படிகாரத்துக்கு லண்டன் சரக்கு, விளக்குக்குத் திமிங்கிலக் கொழுப்பு. மூக்கை வைத்துக்கொண்டு எப்படித்தான் குடியிருந்தார்களோ. இன்றைய தோரணத்தில் இருப்பது 2003இல் வைத்த அலாஸ்காத் திமிங்கிலம். உள்ளூர் சரக்கு தீர்ந்தால் இறக்குமதி, அதுதான் விட்பி.

1861 டிசம்பரில் ராணி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இறந்தார். ராணி அடுத்த நாற்பது வருஷம் கறுப்புதான் உடுத்தினார். துக்கத்தில் தங்கமும் வைரமும் மின்னக்கூடாது. ஆனால் சீமாட்டிகளால் வெறுங்கழுத்தாக இருக்கவும் முடியாது. விட்பிப் பாறையில் ஜெட் என்ற கறுப்புக் கல் கிடைக்கிறது. கல்கூட இல்லை, கோடிக்கணக்கான வருஷம் அமுங்கிக் கிடந்த மரம். தேய்த்தால் கன்னங்கரேல் என்று பளபளக்கும். அரண்மனையில் ஜெட் நகைக்கு மட்டுமே அனுமதி என்றதும், தேசம் முழுக்க இழவு வீடுகளிலிருந்து விட்பிக்கு ஆர்டர் கொட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜெட் செதுக்கினார்கள். அடுத்தவர் வீட்டு ஒப்பாரியில் ஒரு ஊரே பிழைத்தது.

அதே 1861இன் பிப்ரவரியில் ஊரின் சொந்த ஒப்பாரி. ஒரே நாள் புயலில் கப்பல் கப்பலாகக் கரை தட்ட, உயிர்காப்புப் படகுக்காரர்கள் திரும்பத் திரும்பப் போய் மாலுமிகளைக் கொண்டுவந்தார்கள். கடைசித் தடவை படகு கவிழ்ந்தது. 13 பேரில் 12 பேர் கரைக்கு வரவில்லை. பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன். புது மாதிரி தக்கை அங்கியைப் போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். இதில் வேடிக்கை பேச எனக்கு ஒன்றும் இல்லை.

புயலை முன்னாலேயே சொல்ல உள்ளூர் டாக்டர் ஜார்ஜ் மெரிவெதர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அட்டைப்பூச்சி. ரத்தம் உறிஞ்சுமே, அதேதான். பன்னிரண்டு கண்ணாடிப் புட்டிகளை வட்டமாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை. புயல் வரப்போகிறது என்றால் அட்டை பதறி மேலே ஏறும். ஏறும்போது ஒரு கம்பியைத் தட்டிவிடும். சுத்தியல் மணி அடிக்கும். எத்தனை மணி அடிக்கிறதோ அத்தனை நிச்சயம் புயல். ஏன் வட்டம்? ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் தனிமைச் சிறையில் வாடாது என்ற கருணை. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைத்தார். கடற்கரையெங்கும் அரசாங்கம் இதை நிறுவ வேண்டும் என்று மன்றாடினார். பன்னிரண்டு அட்டைகளின் பெரும்பான்மை முடிவை நம்பிக் கப்பல்களை நிறுத்த அரசாங்கத்துக்குத் துணிச்சல் வரவில்லை. அரசாங்கத்துக்குள் உறிஞ்சுகிறவர்களுக்கு ஏற்கெனவே இடமில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

ஊரின் அடுத்த ரத்த உறிஞ்சி நன்றாகவே ஓடினார். 1890 கோடையில் பிராம் ஸ்டோக்கர் என்ற நாடகக் கம்பெனி மேனேஜர் விடுமுறைக்கு வந்தார். ஊர் நூலகத்தில் எடுத்த வாலாக்கியா என்ற பிரதேசம் பற்றிய புத்தகம் ஒன்றில் டிராகுலா என்ற பெயர் கண்ணில் பட்டது. 1885இல் நார்வா துறைமுகத்து ரஷ்யக் கப்பல் திமித்ரி இங்கே கரை தட்டிய கதையையும் கேட்டுக்கொண்டார். நாவலில் அது வார்னாவிலிருந்து வரும் டிமீட்டர். பெரிய நாயாகக் குதித்துக் கரையேறுகிறார் டிராகுலா. 1897இல் புத்தகம் வந்தது. 1994 முதல் கறுப்பு உடையும் வெள்ளை மாவுப் பூச்சுமாக ஜனங்கள் இங்கே திருவிழாவுக்கு வருகிறார்கள். ஹோட்டல்கள் நிரம்புகின்றன. குன்றின்மேலுள்ள புனித மேரி ஆலயத்தில், டிராகுலா கல்லறை எங்கே என்று ஊழியர்களைக் கேட்காதீர்கள், அப்படி ஒன்று இல்லை என்று அறிவிப்பே ஒட்டவேண்டியதாயிற்று. ஆயிரத்து முன்னூறு வருஷம் சாவி வைத்திருப்பவரை நம்பியிருந்த குன்றில், மக்கள் தேடுவது பூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறவரை.

நீங்கள் போனால் மூன்று விஷயம். பானெட் பூங்கா அருங்காட்சியகத்தில் அட்டை யந்திரத்தின் மாதிரி இருக்கிறது. டிராகுலாவை விட்டாலும் அதை விடாதீர்கள். இரண்டாவது, மீனும் சிப்ஸும் தின்னத்தான் எல்லோரும் வருகிறார்கள், ஆனால் இங்கிலாந்தில் பொரிக்கிற காட் மீனில் பெரும்பகுதி நார்வே, ஐஸ்லாந்துக் கடல்களிலிருந்து வருவது; உள்ளூர்ப் படகு கொண்டுவந்தது வேண்டுமென்றால் நண்டு கேளுங்கள். மூன்றாவது, எதை வாங்கினாலும் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்று சாப்பிடுங்கள். கடற்காகம் பின்னாலிருந்துதான் வரும்.