பாயா சார்

ஹைதராபாத்தின் மௌலா அலியில் குளிர் வந்துவிட்டதா என்று அறிய வானிலை அறிக்கை வேண்டாம். பாயா சார் தலையில் குரங்குக் குல்லாய் ஏறிவிட்டதா என்று எட்டிப் பார்த்தால் போதும். இரவு 15 டிகிரிக்கு இறங்கியதோ இல்லையோ, மறுநாள் விடிகாலையில் லுங்கிக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் மப்ளர், கையில் எவர்சில்வர் தூக்கு என்று தெருவில் இறங்கிவிடுவார். டில்லியிலிருந்து மாற்றலாகி வந்த எதிர்வீட்டுக்காரர் அரைக்கை பனியனோடு பல் விளக்கிக்கொண்டே இந்தக் காட்சியைப் பார்ப்பார். "இதெல்லாம் ஒரு குளிரா?" என்று மட்டும் அவர் கேட்டுவிடக் கூடாது. "1946 ஜனவரி 8, இதே ஊரில் 6.1 டிகிரி, தெரியுமா?" என்று சார் பிடித்துக்கொள்வார். அன்று அவர் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் நடுங்கிக் காட்டுவார்.

பாயா சார் என்பவர் ஒரே ஆள் என்று நினைக்க வேண்டாம். ஹவுசிங் போர்டு காலனியில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். மல்காஜ்கிரி, நாச்சாரம், இ.சி.ஐ.எல். பக்கமெல்லாம் கிளைகள் உண்டு. 1966-இல் தென்மத்திய ரயில்வே செகந்திராபாத்தில் தலைமையகம் போட்ட பிறகு ஜோலார்பேட்டை, அரக்கோணம் பக்கமிருந்து வந்து சேர்ந்தவர்கள், அணு எரிபொருள் வளாகத்தில் வேலை கிடைத்து வந்தவர்கள், டீசல் ஷெட்டில் முப்பது வருஷம் கரி எண்ணெய் பூசிக்கொண்டவர்கள் என்று பல ரகம். ஓய்வு பெற்றபின் ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று வருஷாவருஷம் பேசுவார்கள். குளிர்காலம் முடியட்டும் என்று வருஷாவருஷம் தள்ளிப்போடுவார்கள்.

எல்லாருக்கும் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு. குளிர் என்றால் சாப்பாடு. சாப்பாடு என்றால் அடுத்தவன் முகம் சுளிக்கிற சாப்பாடு. இட்லியும் சாம்பாரும் அவர்கள் கணக்கில் வெயில்கால ஆகாரம். "பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுக்கண்டம் நமக்கு" என்ற பழமொழியை வாசல் நிலையில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நல்லவேளையாக ஹைதராபாத் இதற்கு வாகான ஊர். பழைய நகரத்தில் விடிவதற்கு முன்பே நஹாரி அண்டாக்கள் திறந்துவிடும். ராத்திரி முழுக்கச் சிறுதீயில் கிடந்த 'பாயா' என்கிற ஆட்டுக்கால், கூடவே 'ஜபான்' என்கிற நாக்கு. அதைக் கொதிநீரில் போட்டெடுத்து, மேல்தோலைச் சொரசொரப்போடு உரித்துவிட்டுத்தான் குழம்பில் இறக்க வேண்டும். தொட்டுக்கொள்ள நாலு மூலை வைத்த நான். அதற்குப் புரானி ஹவேலி பக்கத்தில் 1851 முதல் நடக்கிற முன்ஷி நான் கடைதான் சாருக்குக் காசி. மௌலா அலியிலிருந்து ஊரையே குறுக்காகக் கடந்து போய் வாங்கி வருவார். திரும்புவதற்குள் நான் ஆறி அட்டையாகியிருக்கும். "நஹாரியில் நனைச்சா சரியாயிடும்" என்பார். உண்மையிலேயே சரியாகிவிடும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மசாலாவைப் பற்றி மட்டும் அவரிடம் வாயைக் கொடுக்காதீர்கள். வெட்டிவேர், கல்பாசி, அரத்தை, உலர்ந்த ரோஜா இதழ் எல்லாவற்றையும் மல்துணியில் கட்டி, அந்தப் பொட்டலத்தைக் குழம்பில் தொங்கவிட்டு, கடைசியில் பிழிந்து எறிகிற 'போட்லி' முறையை, நிஜாம் அரண்மனைச் சமையல்காரர் நேரில் வந்து சொல்லிக்கொடுத்த மாதிரி விவரிப்பார். காலில் உள்ள சவ்வும் நரம்பும் மணிக்கணக்கில் வெந்தால்தான் உருகிக் குழம்பில் இறங்கும். குடித்து முடித்ததும் மேலுதடும் கீழுதடும் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அது பாயா இல்லை, கால் கழுவிய தண்ணீர். இந்தத் தீர்ப்பை அவர் சத்தமாக வழங்குகிற நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து குக்கர் விசில் அடிக்கும்.

ஏனென்றால், சமைப்பது வேறு ஒருவர். கசாப்புக் கடைக்காரர் கால்களை வாட்டிக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு சாரின் பங்கு முடிந்தது. மிச்சம் நிற்கிற மயிரைக் கத்தியால் சுரண்டி, மஞ்சளும் மாவும் போட்டுத் தேய்த்து, நாலு தண்ணீர் மாற்றிக் கழுவி, விரல் வெந்நீரில் சுருங்க உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்கார அம்மாள். சார் வாசற்படியில் நின்று வர்ணனை செய்வார். "ஏங்க, அந்தப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திட்டு எலுமிச்சம்பழமாவது வாங்கிட்டு வாங்க" என்பது அந்த வர்ணனைக்கு வழக்கமாக விழுகிற முற்றுப்புள்ளி.

பாயா சாருக்கு நாக்கில் இருக்கும் ருசியைவிடப் பார்வையாளர் முகத்தில் கிடைக்கும் ருசி பெரிது. சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி வேலையாக வந்திறங்கும் தங்கை மகன்தான் அவருக்குத் தோதான ஆள். ஞாயிற்றுக்கிழமை காலை தட்டில் ஏதோ மெத்தென்று, வெள்ளையாக, மிளகு தூக்கலாக வந்து உட்காரும்.

"மாமா, இது என்ன? முட்டைப் பொரியலா?"

"மொதல்ல சாப்பிடு மாப்ளே. அப்புறம் சொல்றேன்."

மாப்பிள்ளை மூன்றாவது வாயை விழுங்கும்வரை காத்திருந்து, "மூளை" என்பார். பையன் முகம் எந்த நிறத்துக்குப் போகிறது என்று பார்ப்பதில்தான் அவருக்குப் பசி ஆறும். ஒருமுறை ஒரு பையன், "தெரியும் மாமா, நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் வைங்க" என்று சொல்லிவிட்டான். அன்று முழுவதும் சார் சோர்ந்து கிடந்தார். மறுவாரம் அவனுக்காகச் 'சக்னா' ஏற்பாடு செய்தார். இரைப்பையும் குடலும் போட்டுக் காரசாரமாகச் செய்கிற ஹைதராபாத் கறி. பையன் அதையும் கேட்டு வாங்கித் தின்றான். எங்கள் ஊர்க் குடல்கறியும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வேறு போனான்.

ஹலீமை அவர் மதிக்கமாட்டார். 2010-இலேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்ட பண்டம். அரசாங்கமே முத்திரை குத்திய பிறகு அதைத் தின்பதில் என்ன வீரம் இருக்கிறது? இதே கதி முசுறு எறும்புச் சட்னிக்கும் நேர்ந்தது. மௌலா அலியில் ரயில்வேப் பயிற்சி நிலையம் இருப்பதால் பல ஊர்க்காரர்களோடு அவருக்குப் பழக்கம். ஒடிசாக்காரர் ஒருவர் பாட்டிலில் கொண்டுவந்த சட்னியை, சிவப்பு எறும்பும் பூண்டும் இஞ்சியும் மிளகாயும் சேர்த்து அரைத்தது, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சுண்டுவிரல் நுனியில் வைத்துப் பரிமாறினார். எலுமிச்சைப் புளிப்பு சுள்ளென்று இறங்கும். 2024 ஜனவரியில் மயூர்பஞ்ச் மாவட்டத்து எறும்புச் சட்னிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்தது. பாட்டில் அன்றே குளிர்ப்பெட்டியின் பின்வரிசைக்குப் போய்விட்டது.

அவர் பேச்சில் அடிக்கடி வருகிற இன்னொரு பதார்த்தம் ஈசல். மழைக்குப் பிறகு புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை விளக்கு வைத்துப் பிடித்து, சிறகை உதிர்த்து, வறுத்து, பொரியரிசியோடு கலந்து அவருடைய பாட்டி கொடுத்திருக்கிறார். டவுசர் பையில் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர், வாத்தியார் பிள்ளைகள் கேட்டால் பொட்டுக்கடலை என்று சொல்லியிருக்கிறார். அன்று ஏழை வீட்டுத் தின்பண்டம் என்று ஒளித்ததை இன்று 'புரோட்டீன்' என்று மார்தட்டுகிறார். இதில் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டின் தலையையும் காலையும் குடலையும் தின்று வளர்ந்தவர்கள் எல்லாருமே சதை வாங்க வசதியில்லாமல்தான் அதில் ருசி கண்டுபிடித்தார்கள். சாருக்கு இப்போது வசதி வந்துவிட்டது, காலின் விலையும் ஏறிவிட்டது. ஒளித்து வைத்ததைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக்கொள்ளட்டுமே.

ஆனால் மனிதர் எதையும் தின்பார் என்று நம்பி அவர் எதிரில் ஓட்ஸ் கஞ்சியை வைத்துவிடாதீர்கள். நாக்கு, மூளை, எறும்பு எல்லாம் கண்ட அந்தத் தொண்டை பாகற்காயைக் கண்டால் அடைத்துக்கொள்ளும். சூரியன் சாய்ந்தபின் தயிர் கூடவே கூடாது, சளி கட்டுமாம். சங்கராந்திக்குப் பக்கத்து வீட்டுத் தெலங்கானா அம்மாள் தட்டு நிறையச் சகினாலு அனுப்புவார்; புது அரிசிமாவில் எள்ளும் ஓமமும் சேர்த்து வட்டம் வட்டமாகச் சுற்றிப் பொரித்தது. "எண்ணெய்ப் பலகாரம் எனக்கு ஆகாது" என்று கையை ஆட்டுவார். அதற்கு அரைமணி நேரம் முன்புதான் நல்லியைத் தட்டில் தட்டித் தட்டி உறிஞ்சியிருப்பார்.

செரிமானத்துக்கு மலை ஏறுவது என்று ஒரு திட்டமும் உண்டு. மௌலா அலி மலை ஒரே பாறை. உச்சியில் ஹஸ்ரத் அலி பெயரால் தர்கா, ஏறிப்போகச் சுமார் 500 படி. விருந்தாளிகளை அடிவாரம்வரை வேகமாக நடத்திக்கொண்டு போவார். அங்கே உருதுக் கவிஞர் மஹ்லகா பாய் சந்தாவின் சமாதி இருக்கிறது. அந்தக் கவிஞர் 1768-இல் பிறந்ததிலிருந்து 1824-இல் மறைந்ததுவரை சார் ஒன்றுவிடாமல் சொல்வார். சொல்லி முடிக்கும்போது வெயில் ஏறிவிடும். "இனிமே மேலே போனா தலை சுத்தும், வாங்க டீ குடிக்கலாம்" என்பார். அவர் படி ஏறிப் பார்த்ததாகக் காலனியில் யாரும் சொல்லவில்லை.

டிசம்பரிலோ ஜனவரியிலோ அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போக நேர்ந்தால் தட்டில் இருப்பது என்னவென்று சாரைக் கேட்காதீர்கள். அம்மாளைக் கேளுங்கள், மறைக்காமல் சொல்லுவார். பாயா என்றால் கூச்சப்படாமல் இரண்டாவது தடவையும் வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவு நன்றாக இருக்கும். அந்த 'அரண்மனைப் பக்குவத்தில்' அம்மாள் யாருக்கும் தெரியாமல் தேங்காயும் கசகசாவும் சோம்பும் அரைத்து ஊற்றுகிறார் என்பது உங்கள் நாக்குக்குத் தெரிந்துவிடும். அதை மட்டும் சாரிடம் சொல்லிவிடாதீர்கள். பிப்ரவரிவரை அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.